வராத பிள்ளைகளின் நோட்டு

தேவானை டீச்சர் முப்பத்தாறு வருட வேலையில் ஒரே ஒரு ஆளைத்தான் பிரம்பால் அடித்திருக்கிறாள். அந்த ஆள் ஒரு வாத்தியார்.

அறுபத்தேழில், மயிலாப்பூரில், பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பில் நடந்தது அது. ஊரூர் குப்பத்துப் பையன் ஒருவன் மூன்று நாள் வராமல் இருந்து நான்காம் நாள் வந்தான். கணக்கு வாத்தியார் ஏன் வரவில்லை என்று கேட்டு அடித்தார். பையன் காரணம் சொன்னான். பொய் சொல்கிறாயா என்று அதற்கும் அடித்தார். தொடையில் தோல் கிழிந்து காக்கி டிராயர் நனைந்த பிறகும் நிறுத்தவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து வந்த தேவானை பிரம்பைப் பிடுங்கி, முதல் அடியை அவர் தோளிலும் இரண்டாவதைக் காதோடு சேர்த்தும் போட்டாள். பதினோரு அடி. பன்னிரண்டாவதற்குள் அவர் மேசைக்கு அடியில் போய்விட்டதால் மேசைக்காலில் பட்டுப் பிரம்பு ஒடிந்தது. நாற்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில் ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். காரணம் சொல்ல மாட்டேன் என்றாள். ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

காரணம் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய வருகைப் பதிவேட்டில் வந்தான், வரவில்லை, அவ்வளவுதான். வராத பிள்ளை மறுநாள் வந்து, "டீச்சர், எங்க அம்மாவுக்கு" என்று வாயைத் திறந்தாலே, "போய் உட்காரு, எனக்குத் தெரிய வேணாம்" என்று விடுவாள். நல்ல டீச்சர், ஆனால் கல் நெஞ்சு என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், ஓர் அறை வீடு. கூட இருப்பவள் மணிமொழி, எண்பத்தொரு வயது. புதிதாக வருபவர்கள் அக்கா தங்கை என்று நினைப்பார்கள். மணிமொழி அவளை எழுபது வருடமாக டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். பத்து வயதில் மலேயாவிலிருந்து தேவானையோடு கப்பலில் வந்தவள்.

அன்று காலை மணிமொழி மீன் வாங்கக் கீழே போயிருந்தபோது போன் அடித்தது. தேவானைதான் எடுத்தாள்.

"வணக்கம், மணிமொழி பாட்டியா? நான் சேரன் பேசுறேன். ஜொகூர்லேர்ந்து வந்திருக்கேன். உங்க தம்பி துரைராஜோட பேரன்."

துரைராஜ். நாலு வயதில் அரைஞாண் கயிறோடு திரிந்த பயல். "அவ வெளிய போயிருக்கா. நீ எங்கருந்து பேசுற?"

"தி. நகர்லா. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தோம். தாத்தா அலமாரியில பாட்டி போட்ட லெட்டர் பூரா இருந்துச்சு, ஒண்ணுகூட பிரிக்கல. கடைசி கவர்ல இந்த நம்பர். பாட்டிகிட்ட ஒண்ணு காட்டணும். அவங்க அப்பாவைச் சுட்டாங்கல்ல, அந்தப் போலீஸ் ஃபைலு. லண்டன்ல படிக்கிற கூட்டாளி அங்க ஆவணக் காப்பகத்துல பார்த்துப் படம் எடுத்து அனுப்புனான். எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு அதுல இருக்கு. ஏதோ ஸ்கூல் நோட்டுப் பக்கம் ஒண்ணு ஒட்டியிருக்காங்க, தமிழ்ல. தாத்தாவுக்கு இன்னும் காட்டல. மொதல்ல பாட்டிதான் பார்க்கணும்."

"எத்தனை மணிக்கு வருவ?"

"நாலு மணிக்கு."

போனை வைத்தாள். மணி பத்தே கால். அந்தப் பக்கத்தில் இருக்கும் தேவானையின் கையெழுத்தைத் தபால் அட்டையிலும் ரேஷன் மனுவிலும் மளிகைச் சீட்டிலும் எழுபது வருடமாகப் பார்த்தவள் மணிமொழி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தன் அப்பாவைக் கொன்றது தானேதான் என்று பத்து வயதிலிருந்து நம்பிக்கொண்டிருப்பவள் அவள். இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் தேவானை. அவள் இன்றுவரை சொல்லவில்லை.

அதே கோட்டூரில், ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள் தேவானை. அப்பா ஆற்றில் மணல் அள்ளினார். எட்டு வயதில் அம்மாவோடு மணல் கூடை சுமந்ததால் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. காரணத்தைச் சொன்னாள். வாத்தியார் நம்பவில்லை. அவர் போட்ட அடியில் இடது சுண்டுவிரல் எலும்பு முறிந்து, வளைந்தே ஒட்டிக்கொண்டது. தான் வாத்தியாரானால் வராத பிள்ளையை அடிப்பதில்லை, காரணத்தைக் கேட்டு, அதை நம்புவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அந்த முடிவுதான் அவளை ஆசிரியப் பயிற்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

இருபது வயதில் கப்பலேறினாள். மலேயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் வேலையில் அவள் சித்தப்பா இருந்தார். எட்டாங்கட்டைத் தோட்டம் என்று தமிழர்கள் பெயர் வைத்திருந்தார்கள். டவுனிலிருந்து எட்டாவது மைல். அங்கே பள்ளிக்கூடம் என்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது, வாத்தியார் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை, அதிலும் கல்யாணமாகாத பெண், அந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்கு அவள்தான் முதல் ஆள். லாரியிலிருந்து இறங்கியபோது பார்க்க இருநூறு பேர் நின்றார்கள்.

போன மறுநாள் விடியலில் அவள் பார்த்த முதல் காட்சி பெரட்டு. வேலைக்குப் போகுமுன் ஆட்களை மணிக்கம்பத்தடியில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அங்கே அப்படித்தான் பெயர். கூப்பிடுகிறவர் கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஸ்ரீரங்கன். மயிலாப்பூர்க்காரர். பெயர் கூப்பிட்டு மூன்று எண்ணுவதற்குள் வராதவனை வரிசைக்கு முன்னால் இழுத்துப் பிரம்பால் விளாசுவார். அன்றைக்கு ஒருவனுக்குக் கண்ணிமை கிழிந்தது. அவன் அந்த ஒற்றைக் கண்ணோடு ரப்பர்ப் பால் வெட்டப் போனான்.

"கோட்டூரா நீ?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன், வராந்தாவுக்குக் கீழேயே அவளை நிறுத்திவைத்து. "எங்காத்துலேர்ந்து ரெண்டு மைல்தான். அங்க இருந்திருந்தா நீ எங்க தெருவுக்குள்ள வந்திருக்கவே முடியாது. இங்க வந்து டீச்சராயிட்டே. சமுத்திரம் தாண்டினா எல்லாம் தலைகீழ்தான்."

"ஆமாங்க. நீங்களும் இங்க வந்துதானே கிராணி ஆனீங்க" என்றாள் தேவானை. சித்தப்பா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் பிரம்பை அடுப்பில் வைத்தாள். தடித்த நோட்டு ஒன்றை எடுத்து, வராத பிள்ளையின் பெயரும், அந்தப் பிள்ளை வாயால் சொன்ன காரணமும், அவர்கள் சொன்னபடியே எழுத ஆரம்பித்தாள். தம்பிக்குப் பேதி. சட்டை ஒன்றுதான், காயவில்லை. அப்பா குடித்துவிட்டு அம்மாவைக் கட்டையால் அடித்தார், நான் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். "இந்த நோட்டுல எழுதுறது நமக்குள்ளதான். நெசத்தச் சொன்னா எதுக்கும் அடி கெடையாது" என்று சொல்லியிருந்தாள். ஒரு வருடத்தில் முப்பது பிள்ளைகள் அறுபதானார்கள். காரணம் சொல்வதற்காகவே வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு முன் அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

அது கெட்ட காலம். காட்டுக்குள் ஆயுதத்தோடு கம்யூனிஸ்டுகள், வெளியே வெள்ளைக்காரப் பட்டாளம், நடுவில் தோட்டம். லயங்களைச் சுற்றி, அதாவது கூலிகளின் வீட்டு வரிசைகளைச் சுற்றி, முள்கம்பி போட்டிருந்தார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. வாசலில் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்ததாக ஒரு கிழவரைச் சுட்டு, சாலையோரம் இரண்டு நாள் போட்டுவைத்திருந்தார்கள். போலீசுக்குத் தகவல் சொன்னதாகக் காட்டுக்காரர்கள் ஒரு கடைக்காரரைக் கடைவாசலிலேயே பாராங் கத்தியால், நம் ஊர் வெட்டரிவாள் மாதிரி இருக்கும் அது, கழுத்தில் வெட்டினார்கள். பிள்ளைகள் இரண்டையும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் வந்தார்கள்.

சடையன் பால் வெட்டுகிறவன், தொழிற்சங்கத்து ஆள். தன் பெயரை மாற்றிக்கொள்ளச் சோம்பல்பட்டு, மகளுக்கு மட்டும் மணிமொழி என்று புதுமாதிரிப் பெயர் வைத்தவன். சங்கத்தைத் தடை செய்ததும் காட்டுக்குள் போனான். மனைவி அஞ்சலையும் மணிமொழியும் துரைராஜும் லயத்தில். பள்ளிக்கூட நேரத்துக்கு முன், காலையில் அஞ்சலை பால் வெட்டப் போகும்போது மணிமொழியும் கூடப் போவாள், மரத்தில் ஒட்டியிருக்கும் பாலைப் பொறுக்க. அவள் முறை வரும் நாளில் வாளியில் கந்தல் துணிக்கு அடியில் சோற்று உருண்டை இருக்கும். பத்து வயதுப் பெண்ணின் வாளியை வாசலில் கிளறிப் பார்ப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை மணிமொழி வரவில்லை. செவ்வாய்க்கிழமை டீச்சர் கேட்டாள். நிசம் சொன்னால் அடி கிடையாது என்பதை முழுசாக நம்பிய பெண், கூச்சப்படாமல் சொன்னது. தேவானையின் கை எழுதியது. ஒரே நாளில் இருபத்தைந்து காரணம் எழுதுகிற கை அது; எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று புத்திக்குப் போய்ச் சேரும். அன்றைக்கு அதுவும் போய்ச் சேரவில்லை. மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசர். பாதை சரியில்லை என்று கூடவே ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி துணைக்கு வந்திருந்தார். தோட்டத்துத் துரையும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நோட்டைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். துரைக்கு இங்கிலீஷில் சொல்லும்படி ஸ்ரீரங்கனிடம் கொடுத்தார். ஸ்ரீரங்கன் விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். துரை சிரித்தார். அதிகாரி கொட்டாவி விட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பதினேழிலிருந்து விரல் பத்தொன்பதுக்குப் போனது.

தேவானை எண்ணிக்கொண்டே நின்றாள். தன் நோட்டில் ஒரு பிள்ளை விட்டுப்போவதா. "ஐயா, பதினெட்டை விட்டுட்டீங்க" என்றாள்.

ஸ்ரீரங்கன் தலை தூக்கவில்லை. "அது ஒண்ணுமில்லை, ஜுரம்."

"ஜுரம் இல்லீங்க. இந்தப் பக்கத்துல யாருக்கும் ஜுரம் இல்ல."

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி குனிந்து, அவரே வாசித்து அவரே இங்கிலீஷாக்கினார். ஓடைக்கு அந்தப் பக்கம் பழைய புகைவீட்டில் இருக்கிற அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன், திங்கட்கிழமை என் முறை. கடைசிச் சொல்லில் அவர் குரல் இறங்கியது. அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஸ்ரீரங்கன் குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நோக்குக் கண்ணு ரொம்ப நன்னாத் தெரியறது, டீச்சர்."

தேவானை அப்போதே அஞ்சலையிடம் ஓடியிருக்கலாம். லயத்து வாசலில் அதற்குள் துப்பாக்கியோடு நாலு பேர் நின்றார்கள். ஓடவில்லை. பயம். வேறு எந்தப் பெயரும் அதற்கு அவள் பிறகு வைத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மணிமொழியின் முறை. அவள் வாளியோடு, முன்பு ரப்பர் உலர்த்திய அந்தப் புகைவீட்டுக்குப் போய்த் திரும்பி ஓடையில் கால் வைத்தபோது சுட ஆரம்பித்தார்கள். அவர்கள் முந்தின இரவே போய்ப் படுத்திருந்தார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும். சடையனை மூங்கிலில் கையும் காலும் கட்டித் தூக்கிவந்து பெரட்டு நடக்கும் இடத்தில் போட்டார்கள். தாடை இருந்த இடத்தில் தாடை இல்லை. ஆட்கள் எல்லோரையும், பிள்ளைகளையும், வரிசையாக அவனைக் கடந்து நடக்கச் சொன்னார்கள். யார் அழுகிறார்கள் என்று பார்க்கத்தான். அஞ்சலை அழவில்லை. துரைராஜை இடுப்பில் வைத்துக்கொண்டு, மணிமொழியின் தோளை அவள் பிடித்த பிடியில் நகம் சதைக்குள் இறங்கி, பாவாடை வரைக்கும் ரத்தம் வந்தது.

வீட்டுக்குப் போய்த்தான் அஞ்சலை ஆரம்பித்தாள். தேவானை லயத்து வாசலுக்குப் போனபோது அஞ்சலையின் கையில் விறகுக் கட்டை. மணிமொழி மூலையில், தலையில் கையை வைத்துச் சுருண்டு கிடந்தாள். "திரும்பிப் பார்த்துப் போடின்னு சொன்னேனே, பார்த்தியாடி? உன் பின்னாலயேதான் வந்திருக்கானுங்க. அப்பனக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து நிக்கிறியே." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி. பெண் திருப்பித் திருப்பிச் சொன்னது: "பார்த்தேம்மா, பார்த்தேம்மா."

நோட்டில் எழுதினேன் என்ற ஒரு வாக்கியம் தேவானையின் நாக்கில் இருந்தது. அஞ்சலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், கட்டையோடு. தேவானை சொன்னது வேறு. "அடிக்காதீங்க, செத்துரும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போ. இனிமே அவ மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்."

ஏழு வாரம் கழித்து ஒரு விடியலில் காட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதிகாரியோடு உட்கார்ந்து நோட்டு வாசித்தது கிராணி என்று அவர்களுக்குத் தகவல் போயிருந்தது. ஸ்ரீரங்கனை மணிக்கம்பத்தில் கட்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் முப்பது அடி தூரத்தில் தேவானை நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். கையை நீட்டிக் காட்ட முடியாது, கட்டியிருந்தது, வாயைக் கட்டவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வெட்டு தோளில் விழுந்தது, இரண்டாவது கழுத்தில். மூன்றாவது வேண்டியிருக்கவில்லை. அவரிடம் அடிபட்டவர்களில் சிலர் அன்றைக்கு ஆடு அறுத்தார்கள்.

அடுத்த மாதம் சித்தப்பா மணிமொழியைத் தன் மகள் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் கப்பலேறினார்கள்.

மயிலாப்பூரில் வேலை கிடைத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஸ்ரீரங்கனின் வீடு இருந்த தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடம் பத்து நிமிடம். முப்பத்தாறு வருடமும் சுற்றிக்கொண்டு போனாள். மணிமொழி ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். தெருவில் நடந்தால் நாலு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பின்னால் யாராவது வந்தால் ஓரமாக நின்று, அவர்களை முன்னால் போகவிட்டுப் பிறகு நடப்பாள். சந்தில் பையன்கள் கேலி செய்வார்கள்: "இன்னா ஆயா, போலீஸ் தொரத்தினு வருதா?" சாப்பாட்டுத் தூக்கை அவள் கையால் தொட்டதில்லை. ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிடுங்க வந்தபோது தேவானையின் தலைக்கு வந்த லத்தியைத் தன் முன்கையில் வாங்கினாள். கை கோணலாகவே நின்றுவிட்டது.

பொங்கலுக்குப் பொங்கல் அம்மாவுக்கு ஒரு கடிதம். பதில் வந்ததில்லை. எண்பத்துமூன்றில் கறுப்பு ஓரம் போட்ட அட்டை ஒன்று வந்தது: அஞ்சலை காலமானார், மகன் துரைராஜ். மகளென்று ஒரு பெயர் அதில் இல்லை. அதன் பிறகு தம்பிக்கு எழுதினாள்.

பத்தொன்பது வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் போனதும் குடிசைக்குப் பின்னால் போய் மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். தேவானை தீப்பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அறைந்தாள். "என் பின்னால வர்றவன் எவனும் உருப்பட மாட்டான் டீச்சர்" என்றாள் மணிமொழி, கண் எரிந்து ஒழுக.

"அன்னைக்கு உன் பின்னால யாரும் வரல."

"உனக்கு எப்டித் தெரியும்?"

தேவானை குடத்துத் தண்ணீரை எடுத்து அவள் தலையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மணி பன்னிரண்டுக்கு மணிமொழி மீனோடு வந்தாள். சங்கரா மீன். அரிவாள்மணையைத் தரையில் போட்டு உட்கார்ந்தாள். "போன் வந்துச்சா? கீழ வூட்டுப் பொண்ணு சத்தம் கேட்டுச்சின்னுது."

"உன் தம்பி பேரன். சேரன்னு பேரு. நாலு மணிக்கு வர்றான்."

மணிமொழியின் கை நின்றது. "துரை பேரனா? நம்மளப் பாக்கவா?" எண்பத்தொரு வயது முகத்தில் சிரிப்பு வந்து, நம்பாமல் போய், திரும்ப வந்தது. "மீன் பத்தாது. இன்னும் ரெண்டு வாங்கினு வரணும். இன்னா டீச்சர், இத்தினி நேரம் சொல்லாம கீற."

தேவானை நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து எத்தனையோ வருடமாயிற்று. "மணி. அன்னைக்கு உன் பின்னால யாரும் வரல. உங்கப்பா எங்க இருக்கார்னு அவங்களுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். ஞாயித்துக்கிழமையே போய்ப் படுத்திருந்தாங்க."

மணிமொழி ஒரு மீனின் செதிலைச் சீவினாள். வயிற்றைக் கீறினாள். "யாரு சொன்னது?"

"நான். நீ சொன்னத நோட்டுல எழுதினேன். கிராணி அந்த வரிய விட்டுட்டுப் படிச்சாரு. விட்டுட்டீங்கன்னு நான் சொன்னேன்."

"கிராணிய வெட்னாங்களே."

"ஆமா."

இன்னொரு மீன். தலை தனியாக விழுந்தது. "எங்கம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்கம்மா என்னிய அடிக்கச்சொல்ல நீ வாசல்ல நின்னுகினு இருந்தியே."

"ஆமா."

மணிமொழி எழுந்தாள். முட்டி வலிக்காரி, சுவரைப் பிடித்து, ஒரு காலை மடக்கி, மெதுவாகத்தான் எழ முடிந்தது. தேவானைக்கு நகர நேரம் இருந்தது. நகரவில்லை. முதல் அறை கோணல் கையால் விழுந்தது. மீன் ரத்தமும் செதிலும் கன்னத்தில் ஒட்டின. இரண்டாவதில் பல் செட்டு வெளியே வந்து தரையில் உடைந்தது. மூன்றாவது அடி, கைக்கு எட்டிய பித்தளைச் செம்பால். கீழுதடு பிளந்தது. தேவானை பக்கவாட்டில் சாய்ந்தாள். மணிமொழி அவள் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்து மறுபடி அடித்தாள்.

"எங்கம்மா செத்துட்டாளே" என்றாள். சத்தம் போடவில்லை. "எண்பத்திமூணு வரைக்கும் இருந்தாளே. முப்பத்திரெண்டு வருசம். ஒரு கடுதாசில நீ எழுதிப் போட்டிருந்தா என்னிய இட்டுகினு போயிருப்பாளே. ஒரு கடுதாசி."

தேவானை அடியை எண்ணவில்லை.

நாலு மணிக்குச் சேரன் சேலைப்பையோடு வந்து வாசலில் நின்றான். இருபத்தெட்டு வயது, கண்ணாடி, நல்ல பிள்ளை முகம். தரையில் மீன் அப்படியே கிடந்தது, ஈ மொய்த்துக்கொண்டு. ஒரு கிழவி வாயில் துண்டை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். துண்டு சிவப்பு. இன்னொருத்தி கட்டிலில்.

"என்னாச்சு? யாரு அடிச்சா?"

"நான்தான்" என்றாள் மணிமொழி. "நீ சேரனா? உன் போன எடு. உங்க தாத்தன் மூஞ்சி தெரியிற மாதிரிப் போடு."

"பாட்டி, மொதல்ல இவங்களுக்கு"

"போடு."

ஜொகூரில் துரைராஜ் எடுத்தார். எழுபத்தைந்து வயது வழுக்கைத் தலை. மணிமொழி தன் முகத்தைக் காட்டவில்லை. போனை வாங்கித் தேவானையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொல்லு. இவன்கிட்ட சொல்லு."

பல் இல்லாத வாய், பிளந்த உதடு. முதல் தடவை சொன்னது வெறும் காற்றாகப் போனது. இரண்டாவது தடவை துரைராஜுக்கு டீச்சர் என்பது மட்டும் புரிந்தது. மூன்றாவது தடவை தேவானை துண்டால் வாயைத் துடைத்துவிட்டு, வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். நோட்டு. வெள்ளிக்கிழமை. பதினெட்டாவது வரி.

"அது அந்தக் கிராணிதானே?" என்றார் துரைராஜ். "எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க."

"இல்லப்பா. அவரு மறைச்சாரு. நான்தான் சொன்னேன். உங்க அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

போனில் முகம் போய்க் கூரை விசிறி தெரிந்தது. அவர் அதைக் கீழே வைத்திருக்க வேண்டும். விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது. பிறகு திரை அணைந்துவிட்டது.

சேரன் குனிந்து தேவானையின் உதட்டைப் பார்த்தான். "இதுக்குத் தையல் போடணும். ஆட்டோ பிடிக்கிறேன். பாட்டி, நீங்களும் வாங்க."

"நீ இட்டுகினு போ. நான் வரல" என்றாள் மணிமொழி, அரிவாள்மணையை எடுத்து வைத்துக்கொண்டே. தேவானையைப் பார்க்கவில்லை.

சேரன் அவளைத் தோளோடு பிடித்துப் படி இறக்கினான். எலும்புதான், கனமே இல்லை. முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் அவன் பையில் போன் அடித்தது. "அக்காகிட்ட குடு" என்று துரைராஜ் கத்துவது தேவானைக்கே கேட்டது. அவன் அவளைச் சுவரோரமாகப் படியில் உட்காரவைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறிப்போனான். போய்க் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

போனில் துரைராஜ் அழுவது அவனுக்குக் கேட்டது.

"நான் இல்லடா தம்பி" என்றது மணிமொழியின் குரல். "ஆமாண்டா. நான் இல்ல." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் குரல் ஏறியது. "இப்ப அழுவுறியே, பேமானி. எழுவது வருசம். ஒரு கடுதாசியப் பிரிச்சியாடா நீ? ஒண்ணு. ஒண்ணப் பிரிச்சியா? அம்மா சாவச்சொல்ல என் பேரச் சொன்னாளா, இல்லியா? அதச் சொல்லு மொதல்ல. மறைக்காதே. எல்லாரும் மறைச்சது போதும்."

சேரன் இறங்கி வந்து கையை நீட்டினான். தேவானை அதைப் பிடித்து எழுந்து நின்றாள். மேலிருந்து பதில் ஏதாவது கேட்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தாள். போனுக்குள் அவர் சொன்னது படிவரைக்கும் எட்டவில்லை. அவர்கள் இறங்கினார்கள்.